கோட்டி நாற்று

புளியடிக்கால் மடத்தில் குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு அறுபத்துநாலு. முதல்முறை வருகிறவர்கள் சீடரின் காலில் விழுந்துவிட்டு, குருவிடம் செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். குருவும் பார்த்துக்கொள்வார்.

குருவின் பெயர் இசக்கிமுத்து. வேளாண்மைக் கல்லூரியில் மூன்று வருஷம் படித்தார். நாலாவது வருஷம் என்ன ஆனதோ, துறவு பூண்டு இந்தக் கால்வாய்க் கரைக்கு வந்துவிட்டார். எந்நேரமும் சேற்றில் நிற்பதால் வயக்காட்டுச் சாமி என்று பெயர் விழுந்தது. மடம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓட்டு வீடு ஒன்று, மாட்டுக் கொட்டில் ஒன்று, இரண்டு ஏக்கர் வயல். அந்த வயலில் விளைகிற நெல்தான் வருஷம் முழுக்க மத்தியானக் கஞ்சி. தினமும் நாற்பது பேராவது வந்து குடித்துவிட்டுப் போவார்கள். அதில் பாதிப் பேருக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் சாப்பாடு.

சீடர் ஆவுடையப்பன், பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்துநாலு வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் பத்திரத்தை வரி வரியாகப் படித்துத் தப்புக் கண்டுபிடிப்பது வேலை. ஒரு தப்பு கண்ணில் படாமல் போனால் வசவு விழும். எல்லாம் சரியாக இருந்தால் ஒன்றும் விழாது. அத்தனை வருஷத்தில் ஒருவர்கூட அவரைப் பார்த்து "நல்லாச் செஞ்சிய" என்று சொன்னதில்லை. வீட்டிலும் அப்படித்தான். மனைவி காலமாவதற்கு முந்தின வாரம்கூட, "உங்களுக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியலியே" என்றுதான் சொன்னார்.

வேலை முடிந்தும் குணம் போகவில்லை. எதைக் கொடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இதுல வில்லங்கம் ஒண்ணும் இல்லியே?" என்பார். கத்தரி விதைக்கும் கேட்பார், கஞ்சிக்கும் கேட்பார், குருவின் உபதேசத்துக்கும் கேட்பார்.

"ஆசைய விடணும்னு சொல்லுதிய, சாமி. விடணும்ங்கிற ஆசைய என்ன செய்ய?" என்று ஒருநாள் கேட்டார். சாமி அன்று முழுக்கப் பேசாமல் களை பிடுங்கினார். ஊரில் அவருக்கு வில்லங்கம் அண்ணாச்சி என்றே பெயர்.

சாமியும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். இருபத்தைந்து வயது மூத்தவரை வேறு எப்படிக் கூப்பிடுவது. மழைக்காலத்தில் அவர் முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவதும் சாமிதான்.

"குரு சீடன் காலப் பிடிக்கலாமா?"

"வலிக்குதுன்னு சொன்னது சீடன்தான?"

பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் புகழ மாட்டார். நாலு வருஷமாக ஆவுடையப்பன் காத்துப் பார்த்தார். வரப்பு கட்டினார், கொட்டிலுக்குக் கூரை மாற்றினார், வயலுக்கு வரும் வாய்க்காலைத் தனி ஆளாகத் தூர் எடுத்தார். சாமி வந்து பார்ப்பார். "சரி" என்பார்.

"சாமி, என்கிட்ட நல்லது ஒண்ணுமே உங்க கண்ணுல படலியா?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டியளா, அண்ணாச்சி?"

"காட்டிட்டேன்."

"சரி."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மடத்தில் ஜனங்கள் கூடுவார்கள். சாமி அரைமணி நேரம் பேசுவார். ஆனி மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, தொண்டை கட்டியிருக்கிறது என்று ஆவுடையப்பனைப் பேசச் சொன்னார்.

ஆவுடையப்பனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தெரிந்ததெல்லாம் பத்திரம்தான். அதையே பேசினார். இந்த உடம்பு நமக்குக் கிரயம் ஆனதில்லை, குத்தகைக்கு வந்தது என்றார். எல்லைகள் எழுதியிருக்கும், காலம் எழுதியிருக்கும், காலி பண்ணுகிற தேதி மட்டும் எழுதியிருக்காது என்றார். முதலில் சிரித்தார்கள். பிறகு அமைதியானார்கள். ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் டவுனில் அரிசி ஆலை வைத்திருக்கும் தங்கப்பழம் முதலாளி வந்து, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சாமி, உங்க நாக்குல சரஸ்வதி குடியிருக்கா."

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார், பின்னால் யாராவது நிற்கிறார்களோ என்று. யாரும் இல்லை.

அன்றைக்கு அவருக்கு உச்சி குளிர்ந்ததைச் சொல்லி மாளாது. அதற்காக அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அறுபத்துநாலு வருஷம் தண்ணீர் காணாத நிலத்தில் முதல் மழை விழுந்தால் அது உறிஞ்சத்தான் செய்யும்.

சாமியின் தொண்டை அடுத்த வாரமும் சரியாகவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அரைமணிப் பேச்சு ஒரு மணியானது, பிறகு இரண்டு மணியானது. தங்கப்பழம் ஒவ்வொரு வாரமும் வந்தார், ஒவ்வொரு வாரமும் ஒரு துண்டு போர்த்தினார். "நீங்க சொன்னா வேதம்" என்றார். ஊர்ஜனம் வில்லங்கம் அண்ணாச்சி என்பதை விட்டு, சின்னச் சாமி என்று கூப்பிட ஆரம்பித்தது. ஆவுடையப்பன் வேட்டிக்கு நீலம் போட ஆரம்பித்தார். சேற்றில் இறங்கினால் கறை படும் என்று வரப்போடு நின்றுகொண்டார். வில்லங்கம் என்ற சொல் அவர் வாயிலிருந்து எந்த நாளில் கழன்று விழுந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

தங்கப்பழம் டவுனில் ஒரு மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்.

"புரட்டாசி கடைசி வியாழக்கிழமை திறப்பு. நீங்க அங்கன வந்து இருந்திரணும். அங்க நீங்கதான் சாமி."

"குரு இருக்கும்போது..."

"குரு வயக்காட்டுல இருக்கட்டும். அவுகளுக்கு அதுதான் பிடிக்கு. உங்களுக்கு எதுக்கு இந்தச் சேறு?"

பதில் சொல்ல ஒரு மாசம் வேண்டும் என்று ஆவுடையப்பன் கேட்டார். பதில் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பிசானத்துக்கு விதைக்கிற நேரம் வந்தது. பிசானம்தான் மடத்துக்குப் பெரிய போகம். ஊரோடு சேர்ந்து கால்வாய் மராமத்துக்கு சாமி பதினெட்டு நாள் வெளியே போக வேண்டியிருந்தது. போகுமுன் விதைப் பானையைச் சீடரிடம் கொடுத்தார்.

"அண்ணாச்சி, போன அறுப்புல நெல்லு மழையில நனைஞ்சிட்டு. எனக்கு விதை மேல சந்தேகமா இருக்கு. உப்புத் தண்ணியில போட்டு, மிதக்கிறத அள்ளிக் கொட்டிருங்க. நல்லது அடியில நிக்கும்."

"உப்பு எம்புட்டு?"

"பேச்சியம்மாகிட்ட ஒரு கோழிமுட்டை வாங்கிப் போடுங்க. முட்டை மேல வந்து, எட்டணா அகலத்துக்குத் தலை தெரியணும். அதுதான் பதம்."

பேச்சியம்மாள் அடுத்த வீட்டுக்காரி. ஊரில் நடவுக்குப் போகிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. ஏழெட்டுக் கோழி வைத்திருந்தாள். ஆவுடையப்பன் அவள் வாசல்வரை போய்விட்டார். அப்போது எதிரே இரண்டு பெண்கள் வந்தார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்கிறவர்கள்.

"சின்னச் சாமி, என்ன இந்தப் பக்கம்?"

போன வாரம்தான் உயிர்க்கொலை கூடாது என்று இரண்டு மணி நேரம் பேசியிருந்தார். கையில் முட்டையோடு மடத்துக்குள் போனால் என்ன நினைப்பார்கள்.

"சும்மாதான். மழை வருமான்னு பாத்தேன்."

வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

முட்டைக்குப் பதிலாக எலுமிச்சம்பழத்தைப் போட்டார். ஒன்றரைக் கை உப்பு கரைவதற்குள் அது மேலே வந்து மிதந்தது. அது முட்டையைவிட லேசு, வெறும் தண்ணீரிலேயே பாதி மிதக்கும். பலியில் கோழிக்குப் பதில் எலுமிச்சம்பழம் என்பது கோயிலில் செல்லும். உப்புப் பதத்தில் செல்லாது. பழைய ஆவுடையப்பனாக இருந்தால் பழத்தைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் பார்த்து, இதில் வில்லங்கம் இல்லையே என்று நாலு பேரைக் கேட்டிருப்பார். சின்னச் சாமி கேட்கவில்லை. மிதந்த ஒரு பிடிப் பதரை அள்ளிக் கொட்டிவிட்டு, மிச்சத்தை முளைகட்டி, வரப்பில் நின்றபடியே நாற்றங்காலில் விதைத்தார்.

விதைத்த பதினைந்தாம் நாள் காலையில் நாற்றங்காலைப் பார்க்கப் போனார். பச்சைப் பாய் விரித்த மாதிரி நாற்று சாண் உயரம் நின்றது. அதற்குள் அங்கங்கே கொத்துக்கொத்தாகச் சில நாற்றுகள் ஒன்றரைச் சாண், சில இரண்டு சாண். மற்றவை குனிந்து நிற்க அவை மட்டும் தலை நிமிர்ந்து காற்றில் ஆடின.

ஆள் அனுப்பிச் சொன்னதும் தங்கப்பழம் காரில் வந்தார். வரப்பில் நின்று கும்பிட்டார்.

"பாத்தியளா, சாமி. நீங்க தொட்ட நாத்துகூடத் தலை நிமிருது."

"எல்லாம் நிமிரலியே."

"எல்லாருமா நிமிருவாக? தேர்ந்ததுதான் நிமிரும். இந்த உசரமான நாத்தையெல்லாம் மண்டபத்துக்குக் கொண்டாங்க. பித்தளை அண்டாவுல சேறு நிரப்பி வாசல்ல நடுவோம். வாறவன் பாக்கட்டும்."

அதைக் கேட்டதும் ஆவுடையப்பன் கேட்டிருந்த ஒரு மாசம் முடியும்வரை காத்திருக்கவில்லை. "வாரேன்" என்றார்.

சாமி புதன்கிழமை காலையில் வந்துசேர்ந்தார். மண்டபத் திறப்பு மறுநாள். ஆவுடையப்பன் அவருக்கு ஒரு செம்பு மோர் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னார்.

"சாமி, நான் நாளைக்கு டவுனுக்குப் போறேன்."

"எப்ப வாரிய?"

"இனிமே அங்கனதான்."

சாமி செம்பைக் கீழே வைத்தார். சரி என்று சொல்லவில்லை. ஆவுடையப்பன் அதற்குத்தான் பயந்திருந்தார். அந்தச் சொல்கூட வராமல் போனது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"போறதுக்கு முன்னால ஒண்ணு காட்டுதேன், சாமி. நாலு வருஷத்துல நீங்க எதையும் நல்லாருக்குன்னு சொன்னதில்ல. இதையாவது பாத்துச் சொல்லுங்க."

நாற்றங்காலுக்கு அழைத்துப் போனார். சாமி வரப்பில் நின்று பார்த்தார். பிறகு வேட்டியோடு அப்படியே சேற்றில் இறங்கி உட்கார்ந்துவிட்டார்.

"இறங்கி வாங்க, அண்ணாச்சி."

"வேட்டி..."

"வாங்க."

ஆவுடையப்பன் இறங்கினார். மூன்று மாசத்துக்குப் பிறகு கால் சேற்றில் பட்டது.

"அந்தக் குட்டை நாத்து ஒண்ண, இலையப் பிடிச்சுக் கீழேருந்து மேல உருவுங்க."

உருவினார். சுருக்கென்றது. விரலில் மெல்லிய கோடாக ரத்தம் துளிர்த்தது.

"இப்ப இந்த உசரத்த உருவுங்க."

உருவினார். இலை பட்டுத்துணி மாதிரி விரலுக்குள் வழுகிப் போனது.

"எது நல்லாருக்கு?"

"இதுதான். எம்புட்டு மெதுவா இருக்கு."

"அதோட தண்டுல நகத்தால அழுத்துங்க."

நகம் தடையில்லாமல் உள்ளே போனது. உள்ளே ஒன்றும் இல்லை.

அப்போது பேச்சியம்மாள் கோழியைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். நாற்றங்காலைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏ சாமி, என்ன இது, இம்புட்டுக் கோட்டி நாத்து நிக்கி?"

நெல்லைச் சீமையில் கோட்டி என்றால் பைத்தியம். ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது.

"எதக் கோட்டிங்க? இதுதான் எல்லாத்தையும்விட உசந்து நிக்கி."

"அதனாலதான் கோட்டி. மேல் கணுவப் பாருங்க, சின்னச் சாமி. தரையில வேர் விடாம ஆகாசத்துல விட்டிருக்கு."

குனிந்து பார்த்தார். சேற்றுக்கு மேலே இருந்த கணுவில் வேர் கிளம்பி, பிடிக்க ஒன்றும் இல்லாமல் அந்தரத்தில் நின்றது. அதற்குக் கீழே, தண்டின் அடியில், சுண்ணாம்பு தொட்டுவைத்த மாதிரி வெள்ளையாக ஒரு பொடி.

பேச்சியம்மாள் கோழியை விரட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆவுடையப்பன் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னது, சாமி?"

"பூசணம். விதைக்குள்ளயே இருந்துது."

"பூசணம்னா அழுகணும்லா? இது வளருதே."

"அழுகுறது பிறகு. முதல்ல வளரத்தான் வைக்கும்."

"அதுக்கு என்ன லாபம்?"

"நாத்துக்குள்ள ஒரு கடிவாளம் இருக்கு, அண்ணாச்சி. போதும், நில்லு, தோலக் கெட்டி பண்ணுன்னு சொல்லுதது அதுதான். உங்க விரல அறுத்ததும் அதோட வேலைதான். அது இருக்கிறவரைக்கும் பூசணத்தால உள்ள இஷ்டத்துக்கு நடமாட முடியாது."

"அப்ப பூசணம் அத அறுத்துருமோ?"

"அறுத்தா நாத்து முழிச்சுக்கிடும். எதுத்துச் சண்டை போடும். அறுக்காது."

"பிறகு?"

"வளருறதுக்குன்னு நாத்து தானே ஒரு ரசம் சுரக்கும். பூசணமும் அதே ரசத்தச் சுரந்து கொடுக்கும். அச்சு அசலா அதே ரசம். நாத்துக்கு வித்தியாசம் தெரியாது. குடிக்கக் குடிக்கக் கடிவாளம் கரைஞ்சு போகும். காவலுக்கு வச்சிருந்ததெல்லாம் உசரத்துக்குச் செலவாயிரும்."

"நாத்துக்கு ஒரு சந்தேகமும் வராதா?"

"சந்தேகப்படுறதே அந்தக் கடிவாளம்தான், அண்ணாச்சி."

ஆவுடையப்பனுக்குக் காது மடல் சுட்டது. சாமி அவரைப் பார்க்கவில்லை. நாற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியில?"

"முக்கால்வாசி நடவுக்கு முன்னால காஞ்சுரும். மிச்சம் கதிர் விடும். கதிர்ல மணி இருக்காது. அதுக்குள்ள இந்த வெள்ளைப் பொடி காத்துல பறந்து பக்கத்துல உள்ளதுக்குப் போயிரும்."

"பக்கத்துல உள்ளதுக்குமா?"

"அதுதான் இப்பக் கவலை. நாப்பது பேர் கஞ்சி இந்த நாத்தங்கால்ல நிக்கி."

இருவரும் சாக்கை நனைத்துக்கொண்டு வந்தார்கள். உயர்ந்து நின்ற ஒவ்வொன்றையும் வேரோடு பிடுங்கி, பொடி உதிராமல் ஈரச் சாக்கில் வைத்துச் சுருட்ட வேண்டும். அவசரப்பட்டு உதறினால் போச்சு. ஆவுடையப்பன் முதல் நாற்றைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். பித்தளை அண்டாவில் நடுவதற்காக அவர் தேர்ந்து வைத்திருந்த நாற்று அது.

உச்சி வெயில் வந்தது. வேட்டியில் இடுப்புவரை சேறு. முழங்கால் வலித்தது, ஆனால் அவர் சொல்லவில்லை. மூன்றாவது சாக்கு நிரம்பும்போது திடீரென்று நிமிர்ந்தார்.

"சாமி, நான் முட்டை வாங்கல."

"என்னது?"

"உப்புத் தண்ணிக்கு முட்டை வாங்கல. கையில முட்டையோட பாத்தா ஜனங்க என்ன நினைப்பாங்கன்னு வெக்கமாப் போச்சு. எலுமிச்சம்பழம் போட்டேன்."

சாமி அவரையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து, பிடிமானத்துக்கு ஒன்றும் கிடைக்காமல், சேற்றில் மல்லாந்து விழுந்தார். ஆவுடையப்பனுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. எது முதலில் வெளியே வந்தது என்று அவருக்கே தெரியாது.

சாமி எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். துடைத்ததில் சேறு இன்னும் அதிகமாகியது. சிரிப்பு மெல்ல நின்றது.

"நானும் ஒண்ணு சொல்லணும், அண்ணாச்சி. என் தொண்டைக்கு ஒண்ணும் இல்ல."

"எப்ப?"

"எப்பவுமே. ஆனி மாசத்துலயும் இல்ல."

"பிறகு எதுக்கு என்னப் பேசச் சொன்னிய?"

"ஜனங்க எனக்கும் அந்த மாதிரி சொல்லிக்கிட்டு இருந்தாங்க. கேக்க நல்லாருந்துது. ஒரு வெள்ளிக்கிழமை பேசிட்டு வந்து படுத்தேன். இன்னைக்கு யாரு யாரு கண்ணு கலங்கினாங்கன்னு ஒவ்வொருத்தரா நினைச்சுப் பாத்துக்கிட்டு கெடக்கேன். பயந்துட்டேன். அடுத்த வாரம் உங்களப் பிடிச்சுத் தள்ளிவிட்டேன்."

"நீங்க தப்பிச்சிட்டிய."

"ஆமா. நான் விலகினேன், அது பக்கத்துல நின்ன உங்க மேல விழுந்துது. நான்தான் தப்புப் பண்ணினேன். மன்னிச்சிருங்க, அண்ணாச்சி."

ஆவுடையப்பன் கையில் இருந்த சாக்கை விரித்தார். அறுபத்துநாலு வருஷத்தில் யாரும் அவரிடம் மன்னிப்பும் கேட்டதில்லை. எதிரே தலையிலிருந்து கால்வரை சேறாக உட்கார்ந்திருந்த அந்தச் சின்ன வயதுக்காரர் மேல் அவருக்கு ஏற்பட்ட பிரியத்துக்கு அளவே இல்லை. சொல்லத் தெரியவில்லை. சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு, "இதுக்குள்ள வைங்க" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலத்துக்குள் நாற்றங்காலில் மூன்றில் ஒரு பங்கு காலியாகிவிட்டது. சாக்குகளைக் கால்வாய்க்கு அப்பால், காற்று வயல் பக்கம் வீசாத இடத்தில் குழி வெட்டி எரித்தார்கள். குறைகிற நாற்றைத் தன் நாற்றங்காலிலிருந்து தருவதாகப் பேச்சியம்மாள் சொல்லியனுப்பினாள். கூடவே ஒரு முட்டையும் கொடுத்தனுப்பினாள். அடுத்த போகத்துக்காம். விஷயம் அதற்குள் எப்படி அவள் காதுக்குப் போனது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை தங்கப்பழத்தின் கார் வந்தது. மாலையோடு இறங்கினார். ஆவுடையப்பன் நேற்றைய சேறு காய்ந்த வேட்டியோடு வரப்பில் நின்றார்.

"சாமி, என்ன கோலம் இது? நேரமாச்சு. உசரமான நாத்தெல்லாம் எங்க?"

"எரிச்சிட்டோம், முதலாளி."

தங்கப்பழம் திகைத்தார். ஆனாலும் வழக்கம் விடவில்லை. "நீங்க எது செஞ்சாலும் அதுல ஒரு தத்துவம் இருக்கும்" என்றார்.

ஆவுடையப்பன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நல்ல மனிதர். மனதார நேசிக்கிறவர். ஒரு சொல்கூடப் பொய்யாகச் சொன்னவரில்லை. வரப்பிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் போனார்.

"முதலாளி, ஒண்ணு கேக்கேன். நாலு மாசமா என் பேச்சக் கேக்கிய. அதுல உங்களுக்குப் பிடிக்காதது ஏதாவது உண்டுமா?"

"பிடிக்காததா? என்ன சாமி இப்பிடிக் கேக்கிய?"

"ஒண்ணு சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சின்னதா ஒண்ணு."

தங்கப்பழம் உண்மையாகவே யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார். கையில் மாலை கனத்தது, மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சத்தியமா ஒண்ணுமே இல்ல, சாமி."

"அப்ப நான் வரல, முதலாளி."

"நான் மனசாரத்தான் சொல்லுதேன்."

"தெரியும். அதனாலதான் வரல. நீங்க வெள்ளிக்கிழமை தவறாம வாங்க. வந்து, பிடிக்காதது ஒண்ணு பாத்து வையுங்க."

தங்கப்பழத்துக்கு ஒன்றும் புரியவில்லை. முகம் வாடிவிட்டது. மாலையை என்ன செய்வது என்று தெரியாமல், கொட்டிலில் கட்டியிருந்த மாட்டின் கழுத்தில் போட்டுவிட்டுப் போனார். மாடு பாதி மாலையைத் தின்றுவிட்டது.

கார் சத்தம் ஓயும்வரை ஆவுடையப்பன் அங்கேயே நின்றார். மண்டபம், மேடை, மைக், சாமி என்ற அழைப்பு எல்லாம் போய்விட்டது. இனி அந்த மாதிரி ஒருவர் கையைப் பிடித்துச் சொல்லப்போவதில்லை. துக்கமாகத்தான் இருந்தது.

நாற்றங்காலுக்குப் போய் மறுபடி பார்த்தார். நேற்றுக் கண்ணுக்குத் தப்பியது இரண்டு நின்றன. பிடுங்கினார். இன்னொரு நடை பார்த்தார். ஒன்று கிடைத்தது. மூன்றாவது நடையும் பார்த்தார்.

மத்தியானம் கஞ்சி ஊற்றி முடிந்து, வந்தவர்கள் போனபிறகு, இருவரும் கொட்டில் நிழலில் உட்கார்ந்தார்கள். சாமி தன் கும்பாவிலிருந்து துவையலைப் பாதி வழித்து அவருடைய கும்பாவில் வைத்தார். எப்போதும் செய்வதுதான். ஆவுடையப்பன் கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"சாமி, வெள்ளிக்கிழமைல நான் பேசும்போது நீங்க எங்க இருப்பிய?"

"இங்கனதான். மாட்டுக்குப் பின்னால."

"காதுல விழுமா?"

"ஊர்ல இருந்தா ஒரு வாரங்கூட விடாமக் கேட்டிருக்கேன்."

ஆவுடையப்பன் கும்பாவைக் கீழே வைத்தார். துண்டால் வாயைத் துடைத்தார், இன்னும் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை என்றாலும்.

"அப்ப நீங்களே சொல்லுங்க. எப்பிடிப் பேசுதேன்?"

சாமி தன் கும்பாவை எடுத்தார். கஞ்சியை ஒரு மிடறு குடித்தார். துவையலைத் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு தன் சீடரை, நாலு வருஷத்தில் முதல்முறையாகப் பார்ப்பது போல, முழுதாகத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் பேசுதிய, அண்ணாச்சி. ஆனா ரொம்ப வளத்துதிய."